கரடிப் பாலத்துக்கு அப்பால்

நுவரெலியாவிலிருந்து ஹட்டன் பக்கம் இறங்குகிற சாரதிகளுக்கு ஒரே வேதம்தான். பொலிஸ் துரத்தினால் கரடிப் பாலத்தைத் தாண்டிவிடு.

பாலத்துக்கு மேலே ஒரு பொலிஸ் நிலையத்தின் ஆட்சி. கீழே இன்னொன்றின் ஆட்சி. மேப்பொலிஸ், கீழ்ப்பொலிஸ் என்று சாரதிகள் பெயர் வைத்திருந்தார்கள். மேப்பொலிஸின் ஜீப் பாலத்தின் முகப்பு வரை வரும். எல்லைச்சாமியைத் தாண்டாத பேய் போல அங்கே நின்று முறைக்கும். பிறகு திரும்பிப் போய்விடும். கீழ்ப்பொலிஸும் அப்படித்தான். அதனால் பாலத்தை ஒட்டிய வளைவுகள் இரண்டு பேருக்கும் சொந்தம், ஒருவருக்கும் பொறுப்பில்லை.

சார்ஜன்ட் றொக்சன் கீழ்ப்பொலிஸ்காரன். போன வருடம் மாசி மாதத்தில் ஓர் ஓட்டோ பாலத்துக்குப் பக்கத்துப் பள்ளத்தில் விழுந்தது. தோட்டத்து லயக் குடியிருப்புகளின் ஆட்கள் இரண்டு நிலையத்துக்கும் தொலைபேசி எடுத்தார்கள். அது அவர்களுடைய பகுதி என்று இவர்கள் சொன்னார்கள். இவர்களுடைய பகுதி என்று அவர்கள் சொன்னார்கள். பேசி முடித்து ஒரு ஜீப் கிளம்பும்போது இருட்டிவிட்டது. றொக்சன் அன்று கொழும்பில் ஒரு பயிற்சி வகுப்பில் இருந்தான். ஓட்டோவில் இருந்தது அவன் மனைவி கேத்ரின். ஜீப் வந்து சேர்ந்தபோது அவள் உயிரோடு இல்லை.

அதற்குப் பிறகு அவன் யாரோடும் சண்டை போடவில்லை. குடிக்கவில்லை. கோயிலுக்குப் போவதை நிறுத்தினான், அவ்வளவுதான். வேலைக்கு வந்தான், போனான். ஒரு நாள் உதவிப் பொலிஸ் அத்தியட்சகரின் முன்னால் போய் நின்று, இரண்டு நிலையமும் சேர்ந்து ரோந்து போக வேண்டும் என்று கேட்டான்.

அவன் சொன்ன வழி எளிமையானது. இந்த மலையில் கைபேசி பாதி வளைவில் வேலை செய்யாது. வோக்கிடோக்கியும் நிலையத்துக்கு ஓர் அலைவரிசை. மேலே சொன்னது கீழே கேட்க வேண்டுமென்றால் தலைமையகம் வரை ஏறி இறங்க வேண்டும். ஆகவே ஆளை மாற்றுவோம். கீழ்ப்பொலிஸ்காரன் ஒருவன் தன் வோக்கியோடு மேப்பொலிஸின் ஜீப்பில் ஏறட்டும். மேப்பொலிஸ்காரன் ஒருவன் தன் வோக்கியோடு பாலத்தடியில் எங்கள் ஆளோடு நிற்கட்டும். ஜீப் பாலத்தைத் தாண்டட்டும்.

"பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுக்கிற கதையால்ல இருக்கு" என்று நிலையத்தில் சிரித்தார்கள். "றொக்சன் சேர், சீர்வரிசை என்ன? நாலு டயரும் ஒரு டோர்ச்சுமா?"

அத்தியட்சகர் சிரிக்கவில்லை. நுவரெலியாவின் ஏப்ரல் சுற்றுலாச் சீசன் முடியும் வரை செய்து பாருங்கள், கடைசி நாளில் முடிவு சொல்கிறேன் என்றார்.

இன்று அந்தக் கடைசி நாள்.

சீசன் முழுக்கப் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் சிக்கல். இரண்டு பொறுப்பதிகாரிகளும் ரோந்தை நிறுத்தச் சொல்லி எழுதியிருந்தார்கள். டீசல் செலவு, ஆள் குறைவு, பலன் இல்லை. ஒன்றும் நடக்காததுதான் பலன் என்று றொக்சன் சொல்லிப் பார்த்தான். "நடக்காததை நான் எப்படி மேலே அறிவிப்பது?" என்று அத்தியட்சகர் கேட்டார். நியாயமான கேள்வி. அந்தி சாயும் முன் அவர் பாலத்தடிக்கு வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்வார். முடிவு என்னவென்று எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது.

பிற்பகலில் ஜீப் பாலத்துக்கு வெகு மேலே, ஒரு திருப்பத்தில் நின்றது. ஓட்டுகிறவர் மேப்பொலிஸின் சார்ஜன்ட் கருணாதிலக. ஓய்வுக்கு நெருங்கிய வயது, தொப்பை, வாய் நிறைய வெற்றிலை. பக்கத்தில் றொக்சன். இருவரும் சிங்களத்தில் பேசிக்கொள்வார்கள்; அவருக்கு இவன் 'மல்லி', தம்பி; இவனுக்கு அவர் 'அய்யே', அண்ணன். கோபம் வந்தால் மட்டும் கருணாதிலக தமிழுக்கு மாறுவார்.

"மல்லி, நாளையிலிருந்து யாரோடு வெற்றிலை போடுவது? எங்கள் நிலையத்தில் எல்லாம் சூயிங்கம் கோஷ்டி."

"ஞாயிற்றுக்கிழமைகளில் வாருங்கள், அய்யே."

"எல்லையைத் தாண்டியா? அடேயப்பா!" அவர் சிரித்தார். பிறகு றொக்சனின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

அப்போதுதான் அந்த பஸ் இறங்கி வந்தது.

பழைய பஸ். முன்கண்ணாடியில் வாழையிலைத் தோரணம், பக்கவாட்டில் 'மலைராணி' என்று சிவப்பு எழுத்து. கல்யாணக் கூட்டம். உள்ளே தவில் முழங்கியது. ஆனால் எஞ்சின் சத்தம் கேட்கவில்லை. றொக்சனுக்கு அது போதும். நியூட்ரலில் விட்டு இறங்குகிறான். டீசல் மிச்சம் பிடிக்க இந்தப் பாதையில் பாதிச் சாரதிகள் செய்கிற வேலை. கியர் பிடித்து வைக்காத வண்டியை மலை தன் இஷ்டத்துக்கு இழுக்கும். முழுப் பாரத்தையும் பிரேக்தான் தாங்க வேண்டும்.

றொக்சன் வீதியில் இறங்கிக் கையைக் காட்டினான். பஸ் நிற்கவில்லை. சாரதி தலையைத் திருப்பிப் பார்த்தது தெரிந்தது. கொட்டகலை அழகன். இரண்டு தடவை றொக்சனிடம் தண்டம் கட்டியவன்.

"ஓடுறான்டா!" என்று தமிழில் கத்தினார் கருணாதிலக. "ஏறு, ஏறு!"

சைரனைப் போட்டார். ஜீப் பாய்ந்தது. பஸ்ஸும் பாய்ந்தது. ஏன் பாய்கிறான் என்று இருவருக்கும் தெரியும். கீழே பாலம் இருக்கிறது. தாண்டிவிட்டால் மேப்பொலிஸின் ஜீப் திரும்பிவிடும். சீசன் முழுக்க இவர்கள் பாலத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது அழகனுக்குத் தெரியாது. அவன் அந்த மாதம் முழுக்கக் கதிர்காமம் பக்கம் பஸ் ஓட்டிவிட்டு நேற்றுத்தான் வந்திருந்தான். தெரிந்த வேதத்தை நம்பினான்.

இரண்டு வளைவு கடந்தது. மூன்றாவது வளைவில் றொக்சன் பஸ்ஸின் பின்விளக்கைப் பார்த்தான். சிவப்பு. நேர்ப்பாதையிலும் சிவப்பு. வளைவிலும் சிவப்பு. பிரேக்கை மிதித்தபடியே இருக்கிறான். வேகம் குறையவில்லை. கூடியது. கருகிய வாடை ஜீப்புக்குள் வந்தது.

"அய்யே, சைரனை நிறுத்துங்கள்."

"ஏன்?"

"அவன் இப்போது ஓடவில்லை. அவனால் நிற்க முடியவில்லை."

கருணாதிலக வெற்றிலையை வெளியே துப்பினார். சைரன் நின்றது. தவில் சத்தமும் எப்போதோ நின்றிருந்தது.

றொக்சன் ஒலிபெருக்கி இருந்த பக்கம் கையை நீட்டினான். துரத்தியது நாங்கள். பஸ் பள்ளத்தில் விழுந்தால் ரோந்து மட்டும் போகாது. கூட்டு ரோந்து துரத்திக் கொன்றது என்று எழுதுவார்கள். அதில் பொய்யும் இருக்காது. அதை அவன் ஒரு நொடிதான் நினைத்தான். ஒலிபெருக்கியை எடுத்தான்.

"அழகண்ணே! றொக்சன் பேசுறேன். ஃபைன் இல்ல, ஒண்ணும் இல்ல, பயப்படாதீங்க. பிரேக் புடிக்குதா? புடிக்கலன்னா கைய வெளிய நீட்டுங்க."

சாரதியின் சன்னலிலிருந்து ஒரு கை வந்தது. பிறகு அதற்குப் பின் சன்னலிலிருந்து ஒன்று. பிறகு இந்தப் பக்கம், அந்தப் பக்கம், எல்லாச் சன்னலிலும் கைகள். பட்டுச் சேலைக் கைகள், வளையல் கைகள், சந்தனம் பூசிய கைகள், ஒரு குழந்தையின் கை. பஸ் முழுக்கக் கையை நீட்டிக்கொண்டு மலையிறங்கியது.

"புது அம்மே!" என்று சிங்களத்தில் தாயைக் கூப்பிட்டார் கருணாதிலக.

"அழகண்ணே, நியூட்ரல்ல வுடாதீங்க. மூணாவதுக்குப் போடுங்க. வுழலேன்னா எக்ஸ்லேட்டர ஒரு அமுக்கு அமுக்கிட்டுப் போடுங்க. வண்டி உறுமட்டும், பரவால்ல."

பஸ்ஸின் வயிற்றில் இரும்பு அரைபட்டது. ஒரு தடவை. இன்னொரு தடவை. மூன்றாவது தடவை கியர் விழுந்தது, எஞ்சின் அலறியது. வேகம் கொஞ்சம் மட்டுப்பட்டது. கொஞ்சம்தான். பாலத்துக்குக் கீழே வீதி நேராகக் கடைத்தெருவுக்கு இறங்குகிறது. பள்ளிக்கூடம் விடுகிற நேரம்.

ஆனால் பாலம் தாண்டியதும் இடப்பக்கம் மஞ்சக்கல் தேயிலைத் தோட்டத்தின் தொழிற்சாலைக்கு ஒரு பாதை பிரிகிறது. செங்குத்தான ஏற்றம். லொறிகளே முக்கி முனகி ஏறுகிற ஏற்றம்.

றொக்சன் தன் வோக்கியை எடுத்தான். பாலத்தடியில் நிற்பது கான்ஸ்டபிள் சுலக்ஷனா, அவனுடைய நிலையத்துப் பெண். அவளோடு மேப்பொலிஸ் பையன் ஒருவன்.

"சுலக்ஷனா, பிரேக் இல்லாம ஒரு பஸ் வருது. பாலத்துல ஒரு வண்டி இருக்கக்கூடாது. பெக்டரி ரோட்டுல ஏத்தப் போறோம். ரோட்டக் கிளியர் பண்ணு."

"சேர், அங்க கொழுந்து லொறி குறுக்க நிக்குது. நிறுவை நடக்குது சேர்."

"எடுக்கச் சொல்லு."

"டிரைவரக் காணோம். டீ குடிக்கப் போயிட்டாராம். சாவியும் அவருகிட்டயாம்."

"அப்ப தள்ளு."

"நானா?"

"கொழுந்து நிறுக்க வந்தவங்க எத்தன பேரு நிக்கிறாங்க? எல்லாரையும் கூப்புடு. ஓடு! அந்தப் பையன் பாலத்தப் பாக்கட்டும். கீழருந்து வர்ற வண்டிய நிறுத்தி, அப்படியே திரும்பி லைட் அடிச்சிட்டே இறங்கச் சொல்லு. பொலிஸ் நிக்குதுன்னு நெனச்சு எல்லாவனும் ஓரங்கட்டுவான்."

வோக்கியை அவள் அணைக்க மறந்தாள். அதனால் றொக்சனுக்கு எல்லாம் கேட்டது. அவள் ஓடும் சத்தம். மூச்சு. "கங்காணிய்யா! லொறியத் தள்ளணும், பஸ் ஒண்ணு பிரேக் இல்லாம வருது!" வீரய்யா கங்காணியின் குரல்: "யாரக் கேட்டுத் தள்றது? கணக்குப்புள்ள வரட்டும்." உடனே ஒரு பெண்ணின் குரல்: "கணக்குப்புள்ள வந்து நம்ம பொணத்தயும் நிறுப்பாரு! வாங்கடி!" கூடைகள் தரையில் விழுந்தன. "ஏலேலோ" என்று பல குரல்கள் எழுந்தன. ஏதோ பெரிதாகச் சரிந்து நொறுங்கியது.

"லொறி போயிருச்சு சேர்!"

"எங்க?"

"தண்ணி போற கானுக்குள்ள சேர்."

"நல்லது."

கருணாதிலகவுக்கு அவன் சிங்களத்தில் சொன்னான். அவர் தன் வோக்கியில் பாலத்துப் பையனிடம் கத்தினார். மேலே தம் நிலையத்துக்கும் சொன்னார். அதற்குள் பாலத்தைத் தாண்டி ஏறி வந்துவிட்ட வண்டிகளுக்கு மேல் வளைவிலிருந்தே ஜீப்பின் விளக்கை அடித்துக் காட்டினார். ஒரு வேன், ஒரு ஓட்டோ, ஒரு பால் வண்டி எல்லாம் நல்ல பிள்ளைகளாக ஓரத்தை ஒட்டி, சீட் பெல்ட் போட்டுக்கொண்டு மெதுவாக ஏறி வந்தன. பஸ் அவற்றை உரசாமல் போனது.

பாலம் தெரிந்தது. வெறுமையாக இருந்தது. அப்படியொரு வெறுமையை றொக்சன் அந்தப் பாலத்தில் பார்த்ததே இல்லை.

"அழகண்ணே, பாலம் தாண்டினதும் இடப்பக்கம். பெக்டரி ரோட்டு. ஏத்தம் வண்டியத் தானா நிப்பாட்டும். ஒரு பையன் நிப்பான், அவனப் பாத்து ஒடிச்சுத் திருப்புங்க. நீங்க இத நல்லா ஓட்டுவீங்க. கொட்டகலையில ஒங்கள மாதிரி ஓட்ட ஆள் கெடயாது."

கடைசியில் சொன்னதை எதற்குச் சொன்னான் என்று தெரியவில்லை. வாயில் வந்தது.

பஸ் பாலத்தில் ஏறியது. இடது பக்கக் கம்பியை உரசித் தீப்பொறி பறந்தது. அடுத்த முனையில் மேப்பொலிஸ் பையன் நின்றான். கொழுந்தெடுக்கும் பெண்கள் இடுப்பில் கட்டும் படங்கு ஒன்றைப் பிடுங்கி வந்து தலைக்கு மேலே சுழற்றிக்கொண்டிருந்தான். பஸ் இடப்பக்கம் ஒடித்துத் திரும்பியது. இடப்பக்கச் சக்கரம் நிலத்தை விட்டு எழுந்தது. றொக்சன் கண்ணை மூடவில்லை. சக்கரம் திரும்ப மண்ணில் விழுந்தது. பஸ் ஏற்றத்தில் புகுந்தது.

ஏறியது. முனகியது. நிறுவைக் கொட்டகைக்கு எதிரே வந்து நின்றது.

பிறகு பின்னால் உருளத் தொடங்கியது.

"கல்லு!" என்று கத்திக்கொண்டே றொக்சன் ஓடும் ஜீப்பிலிருந்து குதித்தான். "டயருக்குக் கல்லு போடுங்க!"

கல் தேட நேரமில்லை. அந்தப் பெண்கள் கையில் என்ன இருந்ததோ அதைப் போட்டார்கள். கொழுந்து மூட்டைகள். நிறுத்துக் கட்டி வைத்திருந்த மூட்டை ஒவ்வொன்றையும் இரண்டு பேராகத் தூக்கிப் பின்சக்கரங்களுக்கடியில் வீசினார்கள். முதல் மூட்டை நசுங்கிப் பச்சை பீறியது. இரண்டாவதும் நசுங்கியது. மூன்றாவதில் சக்கரம் ஏறித் தயங்கியது. அந்தத் தயக்கத்தில் சுலக்ஷனா ஒரு பெரிய பாறைத்துண்டை மார்போடு அணைத்து வந்து சக்கரத்தின் பின்னால் போட்டாள். மறுபக்கம் வீரய்யா கங்காணி இன்னொன்றைப் போட்டார்.

பஸ் நின்றது.

நசுங்கிய கொழுந்தின் வாசம் மட்டும் எங்கும். பிறகு மேலே தொழிற்சாலைப் பக்கமிருந்து கணக்கப்பிள்ளை தலையிலடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"ஐயையோ, கொழுந்து! நிறுத்த கொழுந்து!"

அந்தக் குரலில் எல்லோருக்கும் உயிர் வந்தது. பஸ்ஸின் கதவு திறந்தது. முதலில் இறங்கியவள் மாப்பிள்ளையின் தாய் மீனம்மா. கொண்டை அவிழ்ந்திருந்தது. கையில் குடை. நேராகக் கருணாதிலகவிடம் போனாள்.

"எதுக்குய்யா தொரத்துனீங்க? நாங்க என்ன கள்ளக் கூட்டமா?"

கருணாதிலக தலையைக் குனிந்துகொண்டார். பதிலை றொக்சன் சொன்னான். "தொரத்துனது பிழைதான் அக்கா. ஆனா நியூட்ரல்ல வந்தது யாருன்னு ஒங்க டிரைவரக் கேளுங்க."

மீனம்மா திரும்பினாள். அழகன் படியில் உட்கார்ந்திருந்தான்.

"பாலத்தத் தாண்டிட்டா வுட்டுருவாங்கன்னு..." என்றான்.

"இப்ப தாண்டியாச்சுல்ல? வுட்டாங்களாடா?" குடையால் முதுகில் ஒரு போடு போட்டாள். "எம் மருமவ வீட்டுப் படி ஏறுறதுக்கு முன்ன எமலோகத்துப் படி ஏறப் பாத்தா!" இன்னொரு போடு. பிறகு அவனையே கட்டிப்பிடித்து அழுதாள். மணப்பெண் பஸ்ஸுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள். அழுகையும் சிரிப்பும் ஒரே நேரத்தில் அந்த ஏற்றம் முழுக்கப் பரவியது. கொழுந்துப் பெண்கள் மணப்பெண்ணை இறக்கி, சேலையைச் சரிசெய்து, யாரோ கொண்டுவந்த சாயத்தண்ணியை, பால் கலக்காத தேநீரை, குடிக்கக் கொடுத்தார்கள்.

றொக்சன் அழகனின் சாரதி அனுமதிப்பத்திரத்தை வாங்கிச் சட்டைப்பையில் வைத்தான்.

"ஃபைன் இல்லன்னு சொன்னீங்களே தம்பி..."

"ஃபைன் இல்லதான். கோர்ட்டு." பிறகு சொன்னான்: "நல்லா ஒடிச்சீங்க. அதையும் அங்க சொல்றேன்."

இரண்டு பொறுப்பதிகாரிகளும் வந்து சேர்ந்தார்கள். வந்த வேகத்தில் வாக்குவாதம் தொடங்கியது. பஸ் நின்றது என்னுடைய பகுதியில், காப்பாற்றியது என் ஆட்கள் என்றார் கீழ்ப்பொலிஸின் அதிகாரி. கண்டுபிடித்தது என்னுடைய ஜீப், பாலத்தைக் காத்தது என் பையன் என்றார் மேப்பொலிஸின் அதிகாரி. போன வருடம் யாரும் வேண்டாம் என்று தள்ளிவிட்ட இடம் அது. றொக்சன் கேட்டுக்கொண்டு நின்றான். நெஞ்சில் எங்கோ வெகுநாளாக மரத்துக் கிடந்த ஓர் இடம் வலித்தது. வலிக்கட்டும் என்று விட்டான்.

அத்தியட்சகர் ஜீப்பிலிருந்து இறங்கியபோதும் சண்டை முடிந்திருக்கவில்லை. அவர் பஸ்ஸைச் சுற்றி வந்தார். கானுக்குள் கிடந்த லொறியைப் பார்த்தார். நசுங்கிய மூட்டைகளைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"இந்தப் பெண்களை லொறியைத் தள்ளச் சொன்னது யார்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"நான்தான் சேர்" என்றாள் சுலக்ஷனா.

"உனக்குச் சொன்னது?"

"றொக்சன் சேர். மேலிருந்து. மேப்பொலிஸ் ஜீப்பில் இருந்து."

அத்தியட்சகர் இரண்டு அதிகாரிகளையும் பார்த்தார். "இவன் அந்த ஜீப்பில் இல்லாமல் இருந்திருந்தால் இந்தச் செய்தி எத்தனை மணிக்குக் கீழே வந்திருக்கும்?"

கீழ்ப்பொலிஸின் அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"அப்படியென்றால் இது உங்கள் இருவருடைய பகுதியும் இல்லை. கூட்டு ரோந்தின் பகுதி. நாளைக்கும் போகும். சீசன் முடிந்தாலும் போகும். ஆனால் சார்ஜன்ட், இனிமேல் இறக்கத்தில் துரத்தக்கூடாது. வண்டியின் இலக்கத்தைச் சொல்லுங்கள், கீழே இருப்பவர்கள் நிறுத்துவார்கள். கீழே ஆள் இருக்கிறார்கள்தானே?"

"இருக்காங்க சேர்" என்றான் றொக்சன். பதற்றத்தில் தமிழில் சொல்லிவிட்டான்.

கருணாதிலக அவன் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். அப்போது பஸ்ஸுக்குள்ளிருந்து தவில்காரர் இறங்கி, தோல் சரியாக இருக்கிறதா என்று இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார். சரியாக இருந்தது. மேளம் ஏறியது. மீனம்மா குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆடினாள். அவளுக்குப் பின்னால் கொழுந்துப் பெண்கள். அவர்களுக்கு நடுவில், தொப்பியைக் கழற்றிவிட்டு, மேப்பொலிஸின் மூத்த சார்ஜன்ட். கணக்கப்பிள்ளை கூடத் தாளம் போட்டார், மூட்டைகளை எண்ணிக்கொண்டே.

மேளச் சத்தத்தில் றொக்சனின் வோக்கி கரகரத்தது காதில் விழவில்லை. சுலக்ஷனாதான் தொட்டுக் காட்டினாள். அவன் கொட்டகையின் பின்புறம் போய்க் காதில் வைத்தான். நிலையத்திலிருந்து பேசினார்கள். திம்புள்ளப் பக்கத்து நிலையத்துக்காரர்கள் தொலைபேசியில் காத்திருக்கிறார்களாம். விஷயம் அதற்குள் அங்கே எட்டிவிட்டதாம். அவர்களுடைய எல்லையிலும் இப்படி ஒரு வளைவு இருக்கிறது, கேட்பாரில்லை. ஓர் ஆளைத் தருகிறோம், பதிலுக்கு ஓர் ஆளைத் தருவீர்களா என்று கேட்கிறார்கள்.

"தர்றோம்னு சொல்லுங்க" என்றான் றொக்சன். "நாளைக்குக் காலயில நானே வர்றேன்."